மஞ்சள் நூல் கட்டிய அருளிக்கம்

தபால் ஆபீஸ் வாசலில் இன்று அரக்கு வாசனை அடித்தது. உங்கள் கைக்கடிகாரத்தை நாக்பூரில் இருக்கும் உங்கள் தங்கை மகனுக்கு அனுப்பலாம் என்று போயிருந்தேன். ஆசைப்பட்டுக் கேட்டிருந்தான். வாசலில் பார்சல் கட்டிக் கொடுப்பவர் துணி சுற்றித் தைத்து, தையல்மேல் வரிசையாக அரக்கைச் சொட்டவிட்டு, "சீல் எதுனா இருக்குதாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப என்னுத வைக்கிறேன். பொத்தான், காசு இதெல்லாம் வச்சி அழுத்தினா உள்ள வாங்கமாட்டாங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயை முந்தானையால் மூடிக்கொண்டும் அடங்கவில்லை. பாவம், அந்த மனிதர் அரக்குக் கட்டியைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் இருந்தவரை உங்களுக்கு நான் ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதியதில்லை. கடை முன்பக்கம், வீடு பின்பக்கம், எழுத எதற்கு? இன்று எழுதுகிறேன். பதினோரு வருஷமாக உங்களிடம் ஒன்றை மறைத்து வைத்திருந்தேன். அதைச் சொல்லிவிட வேண்டும்.

எமர்ஜென்சி முடிந்து தேர்தல் நடந்த வருஷம் அது. தெருக்கோடி மாதா கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த சின்ன வயசுச் சாமியார் ஒருநாள் கைக்குட்டையில் எதையோ பொத்திக்கொண்டு நம் வாட்ச் ரிப்பேர்க் கடைக்கு வந்தார். உள்ளங்கையில் அடங்குகிற வட்டமான பித்தளைப் பேழை. அதற்குள் பட்டுத் துணியில் ஒட்டிய எலும்புத் துணுக்கு, அரிசி நொய் அளவுதான் இருக்கும். ரோமாபுரியில் வேதத்துக்காக உயிரை விட்ட ஒருவருடையது என்றார். அவர்கள் அதை அருளிக்கம் என்பார்கள். திருவிழாவில் வரிசையாக வந்து அந்தக் கண்ணாடிமேல் உதட்டை வைத்து முத்தி செய்வார்கள். போன திருவிழாக் கூட்டத்தில் கை தவறி விழுந்து கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. "கண்ணாடி மட்டும் மாத்திக் குடுங்க, போதும்" என்றார்.

லேடீஸ் வாட்ச் கண்ணாடி ஒன்று அளந்து செய்ததுபோல உட்கார்ந்தது என்று உங்களுக்கு அன்று எவ்வளவு பெருமை. ஆனால் கண்ணாடியை மாற்றப் பின்மூடியைத் திறக்க வேண்டும். மூடிமேல் சிவப்புப் பட்டு நூலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, முடிச்சில் அரக்கு வைத்திருந்தார்கள். நீங்கள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். "யாரோ வேண்டிக்கிட்டுக் கட்டின நூலு. அறுக்கக் கூடாது." பிளேடால் அரக்கை உடையாமல் பெயர்த்து, இடுக்கியால் முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்த்தீர்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. நூலையும் அரக்கையும் தூக்கிப் போட மனம் வராமல் ஒரு சின்ன டப்பியில் போட்டு வைத்தீர்கள். அவிழ்த்த இடத்தில் புதுசு கட்ட வேண்டும் அல்லவா? "மாடத்துல மஞ்ச நூலு இருக்குதா பாரு" என்றீர்கள். எடுத்துக் கொடுத்தவள் நான்தான். மூன்று முடிச்சுப் போட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். நானும் ஒற்றிக்கொண்டேன். நமக்கு எப்படித் தெரியும்?

சாமியார் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, பளபளவென்று இருக்கிறது என்று சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை கொடியேற்றத்தன்று முதல் ஆளாக முத்தி செய்ய வந்த சொல்தா ஐயாதான் அதைத் திருப்பிப் பார்த்தவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்கள் எல்லாரும் நம் ஊரில் சொல்தாதான். ஆனால் நம் தெருவில் சொல்தா என்றால் அவர் ஒருவர்தான். "ரோமாபுரி சாமிக்கு யாருய்யா மஞ்சக் கயிறு கட்டினது? கல்யாணமா பண்ணி வச்சீங்க?" என்று கேட்டாராம். கோயிலே சிரித்ததாம். அவர் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பின்னாலேயே நானும் வந்தேன். அந்தச் சிவப்பு நூலும் அரக்கும் வேண்டுதல் இல்லை, அதுதான் சாட்சி என்று அங்கேதான் தெரிந்துகொண்டோம். கொடுத்தவர்கள் வைத்து மூடிய அதே எலும்புதான் உள்ளே இருக்கிறது என்பதற்கு ஒரு பத்திரமும் ஒரு முத்திரையும் உண்டாம். பத்திரத்தைக் கரையான் தின்று எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. மிச்சம் இருந்தது முத்திரை. அதைத்தான் நீங்கள் பயபக்தியோடு பெயர்த்து எடுத்துவிட்டீர்கள்.

"தப்பு என்னுதுதான். நான்தான் சொல்லிக் குடுத்திருக்கணும்" என்றார் சாமியார்.

"யாரு தப்புன்னு நான் கேக்கல சாமி. உள்ள இருக்கறது அதுதானான்னு கேக்கறேன்" என்றார் சொல்தா.

தூணோரம் கூடையை இறக்கி வைத்திருந்த மீன்காரம்மா சும்மா இருக்கவில்லை. "எம் புள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்ப காப்பாத்துனது நூலா? உள்ள இருக்கறவருதான? அவரு எங்க போய்டுவாரு?"

"இருக்கறாருன்னு உனக்கு எப்படித் தெரியும்? ப்ரெவ் வேணும்மா. ப்ரெவ் இல்லாம எதையும் நம்பக் கூடாது."

அத்தாட்சி என்பதை பிரெஞ்சில் சொன்னால் கொஞ்சம் கூடுதலாக உறைக்கும் என்று அவருக்கு நினைப்பு. நீங்கள் கைகட்டிக்கொண்டு நின்றீர்கள். கண்ணாடியை மாற்றினேன், வேறு எதையும் தொடவில்லை என்று ஒரு தடவை சொன்னீர்கள். அதோடு சரி.

அதற்கப்புறம் வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. நீங்கள் அந்த எலும்பை ஒரு வெள்ளைக்காரனுக்கு விற்றுவிட்டு, கோழி எலும்பைச் சீவி உள்ளே வைத்துவிட்டீர்கள் என்று கிளம்பியது பேச்சு. நம் மகளைப் பள்ளிக்கூடத்தில் எலும்புக்கடை என்று கூப்பிட்டார்கள். பையைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதாள். ரிப்பேருக்குக் கொடுத்த வாட்சைப் பாதியிலேயே திருப்பிக் கேட்டார்கள். சொல்தா தன்னுடைய சுவர்க்கடிகாரத்தைத் தானே வந்து தூக்கிக்கொண்டு போனார். ஒருவர் பொருளை நம்பிக் கொடுத்துவிட்டுப் போகிற தொழிலில் இருந்தவர் நீங்கள். பெயர் போனால் நமக்கு மிச்சம் என்ன இருந்தது?

அந்த வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் நீங்கள் டப்பியைத் திறந்து அரக்கை லென்ஸில் பார்த்தீர்கள். லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தீர்கள். பிறகு என்னிடம் நீட்டினீர்கள். அரக்கில் சிலுவையோ எழுத்தோ எதுவும் இல்லை, ஒரு நங்கூரம் இருந்தது. வருஷா வருஷம் ஜூலை பதினாலாம் தேதி மெடலைக் குத்திக்கொண்டு அணிவகுத்துப் போகும்போது சொல்தா போட்டுக்கொள்ளும் பட்டாளத்துக் கோட்டில் வரிசையாக இருக்குமே, அதே பித்தளைப் பொத்தானின் நங்கூரம். அவருடைய அப்பாதான் அந்தக் காலத்தில் கோயில்பிள்ளை. அருளிக்கத்தைத் துடைத்து வைக்கும் வேலை அவருடையது. எப்போதோ நூல் அறுந்திருக்கிறது. பயந்துபோய், வீட்டிலிருந்த அரக்கை உருக்கி, மகனின் கோட்டுப் பொத்தானால் அழுத்தி மூடிவிட்டிருக்கிறார் மனிதர். நீங்கள் பெயர்த்தது ரோமாபுரி முத்திரையே இல்லை.

நான் குதித்தேன். இப்பவே போய்ச் சொல்லுங்கள், மூஞ்சியில் அடித்தமாதிரி காட்டுங்கள் என்றேன். நீங்கள் டப்பியைத் திருகி மூடினீர்கள். "அந்தப் பெரியவரு செத்துப் பதினஞ்சு வருஷமாவுது. வந்து பதில் சொல்வாரா? எனக்கு வாய் இருக்குது, நான் சொல்லிக்கறேன்." வாய் இருந்தது வாஸ்தவம்தான். அதைத் திறந்தீர்களா? சாப்பிட மட்டும் திறந்தீர்கள், அதுவும் அரைச் சாப்பாடு.

பேராயர் இல்லத்தில் விசாரித்துவிட்டு வந்த சாமியார் ஒரு வழி சொன்னார். திறந்தவரும், அருளிக்கத்தைப் பழைய நாளிலிருந்து அறிந்த பெரியவர் ஒருவரும், இது அதுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் புது முத்திரை வைத்துக் கொடுப்பார்கள். அறிந்த பெரியவர் என்றால் சொல்தாதான். அவர் மாட்டேன் என்றுவிட்டார். "நான் பாத்தது மூடி இருந்தத. இது தொறந்தது."

இனிதான் உங்களுக்குத் தெரியாத பகுதி.

மறுநாள் நீங்கள் கடையில் உட்கார்ந்ததும், டப்பியையும் உங்கள் பழைய லென்ஸையும் முந்தானையில் முடிந்துகொண்டு பின்வாசல் வழியாகப் போனேன். சொல்தாவின் மனைவி, நாம் மதாம் என்று கூப்பிடுவோமே, அவர்தான் கதவைத் திறந்தார். சொல்தா பேப்பரைத் தாழ்த்தி, "என்னா, சண்டைக்கு வந்தியா?" என்றார்.

"சண்டைக்கு வரல ஐயா. இதை ஒரு தடவ கண்ணுல வச்சிப் பாருங்க."

பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "எங்க அப்பாவத் திருடன்னு சொல்ல வந்தியா?"

"சொல்லணும்னா ஊர் பூரா சொல்லியிருப்பேன். என் வாயி உங்களுக்குத் தெரியும்ல. எங்க வூட்டுக்காரரு விடல." உங்கள் வார்த்தையை அப்படியே சொன்னேன். செத்தவர் வந்து பதில் சொல்ல முடியாது, எனக்கு வாய் இருக்கிறது என்றீர்களே, அதை. அரக்கைப் பார்த்தபோது கோபப்பட்டவர், அதைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார்.

அரக்கை மறுபடி லென்ஸில் பார்த்து, "அது என் கோட்டுப் பொத்தான்தான்" என்றார். ஒரு தடவை லீவு முடிந்து பட்டாளத்துக்குத் திரும்பிப் போனபோது கோட்டில் ஒரு பொத்தான் இல்லையாம். அதற்காக நாலு நாள் அடைத்துப் போட்டார்களாம். ஒழுங்காகத் தைத்து அனுப்பத் தெரியாதா என்று அம்மாவைத் திட்டிக் கடுதாசி போட்டாராம். "அம்மா பதிலுக்கு நல்லா சாப்பிடுன்னுதான் எழுதினாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அப்பாவக் காட்டிக் குடுக்கல." மதாம் அவர் தோளில் கைவைத்தார். "எங்க அப்பா பயந்த மனுஷன். ஆனா உள்ள இருந்தத மாத்தியிருக்க மாட்டாரு."

"எங்க வூட்டுக்காரரும் மாத்தல ஐயா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் டப்பியை மூடி மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டேன். மதாம் காப்பி கொடுத்தார், குடித்தேன். கிளம்பும்போது சொல்தா, "நீ வந்தது அவருக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாது. தெரியவும் கூடாது. தெரிஞ்சா அடிக்கமாட்டாரு, திட்டமாட்டாரு. ஒரு மாசம் பேசமாட்டாரு. அத என்னால தாங்க முடியாது."

அடுத்த ஞாயிறு என்ன நடந்தது என்று நீங்கள்தான் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறீர்களே. சொல்தா எழுந்து, சின்ன வயசிலிருந்து பார்த்த அதே நொய்தான், வாட்ச்காரர் கை சுத்தம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பேராயர் இல்லத்துக்கு பிரெஞ்சில் இரண்டு பக்கம் கடிதமும் எழுதினார். அதில் அப்பா செய்ததையும் மறைக்காமல் எழுதியிருந்ததாக என்னிடம் மட்டும் மார்க்கெட்டில் வைத்துச் சொன்னார். உங்களுக்கு பிரெஞ்சு தெரியாதது எவ்வளவு நல்லதாகப் போயிற்று பாருங்கள். புதுச் சிவப்பு நூலும் முத்திரையும் வந்தன. மஞ்சள் நூலை என்ன செய்வது என்று கேட்ட சாமியாரிடமிருந்து வாங்கி வந்து, நம் வேப்பமரத்தில் கட்டினீர்கள். மகளை யாரும் அப்புறம் எலும்புக்கடை என்று கூப்பிடவில்லை. சொல்தாவின் சுவர்க்கடிகாரமும் திரும்பி வந்தது.

சொல்தா கையெழுத்துப் போட்ட ஞாயிறு மத்தியானம் அந்த அரக்கைக் கரண்டியில் போட்டு அடுப்பில் உருக்கினீர்கள். நங்கூரம் கரைந்து போனதும், "இனிமே நம்ம ரெண்டு பேரைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது" என்று பெருமூச்சு விட்டீர்கள். நான் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினேன். அடிப்பாவி என்று இப்போது திட்டிக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

அன்றிலிருந்து பதினோரு வருஷம், கல்யாண வீடு, காது குத்து, நோணாங்குப்பம் படகுத்துறை, எங்கே நாலு பேர் கூடினாலும் அந்தக் கதைதான். "நான் ஒரு வார்த்தை பேசல. சும்மா இருந்தேன். பத்தாம் நாளு சத்தியம் தானா நடந்து வந்துச்சு" என்று முடிப்பீர்கள். நடந்த கால் யாருடையது என்று எனக்குத் தெரியும். நாக்கு நுனிவரை வந்துவிடும். உங்கள் முகத்தைப் பார்ப்பேன், விழுங்கிவிடுவேன். அவ்வளவு சந்தோஷமான முகம் அது. முதலில் உங்கள் கோபத்துக்குப் பயந்துதான் மறைத்தேன். அப்புறம் அந்தக் கதையை நீங்கள் சொல்லிக் கேட்பது எனக்கே பிடித்துப்போய்விட்டது. உண்மையைச் சொன்னால், வெறும் அரக்கை மட்டும் கொண்டுபோயிருந்தால் சொல்தா என்னை விரட்டியிருப்பார். அவரை உட்கார வைத்தது நீங்கள் பேசாமல் இருந்ததுதான். உங்களை ஏமாற்றியதில் எனக்கு வருத்தம் இல்லை. நிம்மதியாகத்தான் இருக்கிறேன்.

போன வாரம் உங்கள் முதல் வருஷத் திவசம். சாப்பாடு முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது மருமகன், "மாமா ஒரு எலும்புக் கதை சொல்லுவாரே, அத நீங்க சொல்லுங்க அத்தை" என்றார். இனி யாருக்குப் பயம், நடந்ததை நடந்தபடி சொல்லிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். நான் டப்பியை முந்தானையில் முடிந்த இடம் வந்தது. என் வாய் உங்கள் மாதிரியே சொன்னது. "அவரு ஒரு வார்த்தை பேசல. பத்தாம் நாளு ஐயா தானா எழுந்து வந்தாரு." நீங்கள் நிறுத்துகிற இடத்தில் நிறுத்திக்கூட விட்டேன்.

மருமகன் நம்பவில்லை. "தானாவா? யாருமே போய்ப் பேசலியா?"

மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சொல்தா டம்ளரை வாயிலிருந்து எடுத்தார். 

"ஒருத்தரும் வரல. நானாத்தான் போனேன்" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பாமல் டம்ளரை நீட்டி, இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்டார். எழுந்து போய் ஊற்றினேன்.