பதினாறு பெயர்கள்

16.9.2011, வெள்ளி

நம் ஊர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினாறு பேரின் உழைப்பைத் தக்கலையில் ஒரு பள்ளிக்கூடம் தன்னுடையதாக இணையத்தில் போட்டுக்கொண்டது. கடல்மீன்களைப் பற்றி இரண்டு பள்ளியும் சேர்ந்து ஓர் இணையப்பக்கம் செய்வதாகத்தான் பேச்சு. இங்கே நெட் கிடையாது. நம் பிள்ளைகள் கரையில் நின்று இழுக்கும் என் கரமடி வலையில் வந்த மீன்களைப் பார்த்து வரைந்து, விவரம் எழுதி, தாள்களைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார்கள். அந்த இணையப்பக்கத்தில் இருப்பதோ அங்கே டைப் செய்தவர்களின் பெயர் மட்டும்.

இன்று தக்கலைக்கே நேரில் போய்க் கேட்டேன்.

"டைப் அடிச்சது எங்க பிள்ளைங்கதானே, பாட்டா?" என்றார் அந்தப் பள்ளி டீச்சர்.

"வள்ளத்துல போய் வலை விட்டவனுக்கு மட்டுமா மீன்பங்கு? கரையில நின்னு கயிறு இழுத்தவனுக்கும் உண்டு. ஒருநாள் வந்து பிடிச்சுப் பாருங்க, கை சொல்லும்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

நம் ஷைனி டீச்சரோ, "விடுங்க பாட்டா, அடுத்த வருசம் பாப்போம்" என்கிறார். ஐந்தாம் வகுப்போடு நம் பள்ளி முடிகிறது. அடுத்த வருடம் இந்தப் பிள்ளைகள் இங்கே ஏது?

ஞாயிறு பூசை முடிந்ததும் ஷைனி பதினாறு பெயரையும் எழுதித் தர வேண்டும். திங்கட்கிழமை தக்கலை டீச்சர் அவற்றை என் கண்முன்னே இணையத்தில் ஏற்ற வேண்டும். மருமகள் எனக்குச் சோறு கட்டித்தர வேண்டும். ஏற்றும்வரை அந்தப் பள்ளி வராந்தாவை விட்டு நான் எழுந்திருக்கப் போவதில்லை.