வாசலில் இறால் உரிக்கிறவள்

தாரண வருஷம், மாசி 4

பழவேற்காட்டை இங்கிலீஷ்காரனிடம் ஒப்படைக்கப் போவது நிச்சயமாம். ஒல்லாந்துத் துரையே இன்று துணிக்கிடங்கில் வைத்துச் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எதற்குப் பார்த்தார்?

வாப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு இந்தக் கிடங்கில் துபாஷி வேலை. நெசவுக்காரர் சொல்வதை ஒல்லாந்தில் துரைக்குச் சொல்வேன், துரை சொல்வதைத் தமிழில் அவர்களுக்குச் சொல்வேன். நாளைக்கு வருகிறவனுக்கு என் ஒல்லாந்து எதற்கு? இங்கிலீஷில் எனக்கு 'யெஸ்' தெரியும். அதோடு சரி.

துறைமுகத்துத் துபாஷி பொன்னுரங்கத்துக்கும் இதே கதிதான். ஆனால் அவன் முகத்தில் கவலையே இல்லை. அது ஏன்?

மாசி 7

கோட்டை இடிபாட்டுக்குப் பின்னால் குடியிருக்கும் ரோசிக்கு இங்கிலீஷ் தெரியுமாம். வெள்ளைக்காரக் கலப்பில் பிறந்த சட்டைக்காரப் பெண். சிறு வயதில் சென்னப்பட்டணத்தில் ஒரு வெள்ளைக்காரி வீட்டில் ஆயாவாக இருந்தவள். பிறகு இங்கே வந்து ஒல்லாந்தப் பீரங்கிக்காரன் ஒருவனைக் கட்டினாள், அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான்.

நேரே போய்க் கேட்டேன். சொல்லித் தருகிறேன் என்றாள். கூலி என்ன என்றேன்.

"பாடம் முடியட்டும் மரைக்காயரே. அப்பால கேக்கறேன்."

தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நான் பார்க்கிறவன். இப்போது கேட்காதவள் அப்புறம் எதைக் கேட்பாள்?

மாசி 9

முதல் பாடம். ஒல்லாந்தன் உப்பைத் தின்றுகொண்டே இங்கிலீஷ் படிக்கிறேன் என்று துரைக்குத் தெரிந்தால் இன்றைக்கே வெளியே தள்ளுவார். கதவைச் சாத்தச் சொன்னேன். மாட்டேன் என்றாள். விரியத் திறந்து வைத்தாள். போதாததற்கு வாசற்படியில் ஆரோக்கியமேரி என்று ஒரு மீன்காரி, முறம் நிறைய இறாலை வைத்து உரித்துக்கொண்டு. உள்ளே பார்ப்பாள், உரிப்பாள், மறுபடி பார்ப்பாள்.

வேவு பார்க்கத்தான் உட்கார்த்தியிருக்கிறார்கள். யார்? துரையா, பொன்னுரங்கமா?

வழியில் போகிறவர்கள் பார்த்துவிட்டார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று மேரியிடம் இறால் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மாசி 15

ஐ கோ, போகிறேன். ஐ ஆம் கோயிங், போய்க்கொண்டிருக்கிறேன். இது நம்மிடமும் இருக்கிறது, சரி. ஐ ஷேல் கோ, போவேன். சரி. நேற்றுப் போனேன் என்பதற்கு? 'ஐ வென்ட்' என்கிறாள்.

கோ எப்படி வென்ட் ஆகும்? தகப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரு எழுத்தாவது ஒட்ட வேண்டாமா? இதில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது. என்னை இங்கிலீஷ்காரன் முன்னால் கோமாளியாக நிறுத்தவே இவளைப் பொன்னுரங்கம் ஏவியிருக்கிறான்.

மாசி 18

உப்பு ஏற்ற வந்த தோணியில் ஒரு லஸ்கர், இங்கிலீஷ் கப்பலில் வேலை பார்த்தவன். நேற்றுப் போனேன் என்று சொல்லடா என்றேன். "ஐ கோ எஸ்டர்டே" என்றான். அகப்பட்டுக்கொண்டாள்!

மாலையில் ரோசியிடம் கேட்டே விட்டேன். அவளுக்குக் கோபம் வரவில்லை. அது இன்னும் சந்தேகம்.

"அவன் கயிறு இழுக்கறவன். அவனாண்ட நேத்து இன்னா நடந்துச்சுனு எவன் கேக்கப் போறான்?" என்றாள்.

மறுபடி இறால். கைருன் சட்டியைத் தொப்பென்று வைத்தாள். "ஊர்ல வேற மீனே இல்லியா? இல்ல அந்த மீன்காரியத் தவிர வேற ஆளே இல்லியா?" என்றாள். நான் ஊரைச் சந்தேகப்பட்டால் என் பெண்டாட்டி என்னைச் சந்தேகப்படுகிறாள்.

பங்குனி 2

எல்லை அளக்க ஒரு இங்கிலீஷ்காரர் வந்து துரையோடு சாப்பிட்டுப் போனார். பக்கத்தில் துணிக்கட்டுகளை அடுக்குகிற பாவனையில் நின்றேன். 'வென்ட்' என்று என் காதாலேயே கேட்டேன்.

அவள் பொய் சொல்லவில்லை. இந்த ஒன்றில்.

பங்குனி 10

பாடம் ஓடுகிறது. கம், கேம். ஈட், ஏட். கிவ், கேவ். மீன் பிடித்தேன் என்பது 'காட்'. 'ஐ ஹேவ் ஈட்டன்' என்றால் சாப்பிட்டாயிற்று, இப்போது வயிற்றில் இருக்கிறது என்று அர்த்தம். ஒல்லாந்திலும் இப்படி ஒன்று இருப்பதால் அது எனக்குச் சிரமமில்லை. கேள்வி கேட்கும்போதுதான் குழப்பம். 'டிட் யூ கோ?' வென்ட் ஓடி ஒளிந்துகொள்கிறது, பழி எல்லாம் 'டிட்' தலையில்.

எடு என்பதற்கு என்ன என்று கேட்டேன். "டேக்." எடுத்தேன்? வாசலில் மேரி உரிப்பதை நிறுத்தினாள். "அது அப்பால. இப்போ 'புட்' படிங்க, வை," என்றாள் ரோசி.

எதை மறைக்கிறாள்? மூலையில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. நான் எழுந்திருக்கும் போதெல்லாம் முதலில் அந்தப் பெட்டியைப் பார்க்கிறாள், பிறகு என் கையைப் பார்க்கிறாள். இத்தனை நாளில் ஒரு தடவைகூட என்னை அந்த அறையில் தனியாக விட்டதில்லை. தாகம் என்றால்கூட மேரிதான் தண்ணீர் கொண்டுவர வேண்டும், இவள் அசைய மாட்டாள். அந்தப் பெட்டியில் என்ன?

பங்குனி 11

'எடுத்தேன்' என்பதற்கு 'டுக்'. அளவுக்காரர் பேசிய பேச்சில் கேட்டது நினைவுக்கு வந்தது. நான் டுக், நீ டுக், அவன் டுக், அவள் டுக், எல்லாம் ஒரே டுக்! தமிழில் எடுத்தான் என்றால் ஆண், எடுத்தாள் என்றால் பெண். வால் காட்டிக்கொடுத்துவிடும். இந்த மொழியில் வாலே இல்லை. இதில் திருடனைப் பிடிப்பது எப்படி?

பார்த்திப வருஷம், சித்திரை 3

பொன்னுரங்கம் மேரியிடம் இறால் வாங்கியதைக் கண்ணால் பார்த்தேன். அவன் சைவம். முட்டையைக் கண்டால் மூக்கைப் பொத்துகிறவன். அவனுக்கு இறால் எதற்கு?

சித்திரை 4

தூக்கமில்லை. எதற்கு என்று தெரிந்துவிட்டது. என்னைப் போல அவனுக்கும் இறால் ஒரு சாக்கு, அவனும் அங்கேதான் படிக்கிறான். நான் மாலையில், அவன் காலையில். அடிப்பாவி, ரெண்டு பேருக்கும் ஒரே வாயால சொல்லித் தந்துட்டு ஒண்ணும் தெரியாதவ மாதிரி குந்திருக்காளே! எனக்குத் தப்பாக, அவனுக்குச் சரியாகச் சொல்லித் தருகிறாளோ?

போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

சித்திரை 6

போனேன். ஐ வென்ட். வேறு வழி?

சித்திரை 20

நோன்பு. தொண்டை வறண்டு நாக்கு புரளவில்லை. வைகாசி முடிவதற்குள் கொடி மாறுமாம். மேரி இன்று இறாலைக் கொஞ்சம் தள்ளி வைத்து உரித்தாள், வாடை எனக்கு வரக்கூடாதென்று. எதற்கு இந்தக் கரிசனம்?

வைகாசி 9

நேற்றுப் பெருநாள். கைருன் கொடுத்த பலகாரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ("யாருக்கு?" என்று கேட்டவளிடம் இங்கிலீஷ் விஷயத்தை ஒப்புக்கொண்டுவிட்டேன். "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? வூடே நாறிப்போச்சு" என்றாள்.)

ரோசி பலகாரத்தை வைத்துவிட்டு, பாடம் முடிந்தது, கூலி கேட்கலாமா என்றாள். வந்தது பார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சென்னப்பட்டணத்து வீட்டில் ஒரு வெள்ளிக் கரண்டி காணாமல் போனது. அந்த அறையில் கடைசியாகத் தனியாக இருந்தவள் இவள். எஜமானி நிற்க வைத்துக் கேட்டாள்.

"அப்போ எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷெல்லாம் கொண்டா, வை, போ, அவ்ளோதான். அவங்க கேட்டது புரிஞ்சுது. நான் எடுக்கலைனு சொல்ல என் வாயில வார்த்தை இல்ல. நின்னேன். நின்னதே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு."

துரத்திவிட்டார்கள். அப்புறம் ஒரு சோல்ஜர் விதவைக்குத் துணி துவைத்துப் போட்டு, நடந்து போனதைச் சொல்லுகிற பேச்சை எல்லாம் கற்றிருக்கிறாள். கற்று முடித்தபோது கேட்க ஆளில்லை.

அன்றிலிருந்து யார் வீட்டிலும் தனியாக நிற்பதில்லை. தன் வீட்டிலும் யாரையும் தனியாக விடுவதில்லை. யார் வந்தாலும் கதவு திறந்திருக்கும், வாசலில் சாட்சிக்கு மேரி இருப்பாள். நாளைக்கு எவரும் எதுவும் காணோம் என்று சொல்லிவிடக் கூடாது. அவ்வளவுதான் வேவு. இது என் புத்திக்கு ஏன் எட்டவில்லை?

"இங்கிலீஷ்காரன் வரான். அந்தத் திருடிப் பேரும் கூட வரும். நான் சொன்னா எதிர்த்துப் பேசறேன்னு ஆவும். நீங்க சொன்னா சாட்சி. புது தொரை முன்னாடி ஒரே வார்த்தை, நான் எடுக்கலைனு."

'ஷீ டிட் நாட் டேக் இட்.' டிட் இருப்பதால் டேக். சுலபமான வாக்கியம்.

வைகாசி 12

சுலபமா? நான் பார்த்தேனா? அவள் எடுக்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? சொல்லும்போது அழுதாள், உண்மைதான். அழுகிற பொய்யர்களைக் கிடங்கில் தினம் பார்க்கிறேன். பெட்டியில் என்ன இருக்கிறது என்பது இன்னமும் தெரியாது.

ஆனாலும் நெஞ்சு கேட்கவில்லை. இவளிடம் படித்த வாயை வைத்துக்கொண்டு, இவளுக்காக ஒரு வார்த்தை வராது என்றால் நான் என்ன மனுஷன்?

வைகாசி 17

இன்று ஏரியில் படவில் வரும்போது சட்டென்று உறைத்தது. வருகிறவனுக்கு அந்தக் கரண்டியைப் பற்றி என்ன தெரியும்? அந்த எஜமானி இருக்கிறாளோ செத்தாளோ. அவன் பாட்டுக்கு வருவான், கொடியேற்றுவான். அவனிடம் போய் "அவள் எடுக்கவில்லை" என்றால் அவன் முதலில் கேட்பது என்ன? எதை?

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். நானாக இருந்தால் அந்த நொடியிலிருந்து என் வீட்டுக் கரண்டிகளை எண்ணுவேன். சந்தேகக்காரன் காதில் அந்த வாக்கியம் எப்படி விழும் என்று இந்த ஊரில் என்னைவிட யாருக்குத் தெரியும்?

நான் சொல்லாமல் இருந்துவிடலாம். ஆனால் அவள் பொன்னுரங்கத்திடமும் கேட்டிருப்பாளே! அவன் சொல்லிவிடுவான். ஐயோ, அவன் நல்லெண்ணத்தோடு சொல்லிவிடுவான்.

வைகாசி 18

பொன்னுரங்கம் வீட்டு வாசலில் போய் நின்றேன். நானும் அங்கேதான் படிக்கிறேன் என்றேன். அவன் முகம் வெளுத்தது, பிறகு சிரித்தான். "தெரியும். உன்னாலதான் எனக்குக் காலம்பற நேரம். வாங்கின இறால எல்லாம் ஏரியில கொட்டிட்டு வரேன், பாவம் சுத்திக்கும்."

கரண்டிப் பேச்சு எடுத்ததும் முகம் மாறியது. வாக்கியத்தை நெட்டுருப் போட்டு வைத்திருந்தான். சொல்லாதே என்றேன்.

"ஏன், நீ ஒருத்தனே சொல்லி நல்ல பேர் வாங்கவா? இல்ல அவ பேரக் கெடுத்து வேலைய வாங்கவா?"

என்னைப் போல ஒருவன். ஒரு கணம் அவன்மேல் பிரியமே வந்தது. "உன் வூட்டுக்கு ஒருத்தி வேலைக்கு வரா. கூட வந்தவன், இவ திருடலனு சொல்றான். சேத்துக்குவியா?" என்று கேட்டேன். திண்ணையில் உட்கார்ந்துவிட்டான். "மாட்டேன்" என்றான்.

இரண்டு பேருமாகப் போய் ரோசியிடம் சொன்னோம். முதல் தடவையாக ஒரே நேரத்தில். மேரி இறாலை விட்டுவிட்டு எங்களையே பார்த்தாள். ரோசி கேட்டுவிட்டு, "அப்ப எப்பத்தான் சொல்றது?" என்றாள்.

வைகாசி 29

கொடி இறங்கியது, கொடி ஏறியது. ஒல்லாந்துத் துரை கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது.

புதுத் துரைக்குப் பின்னால், தலைப்பாகையும் சரிகை அங்கவஸ்திரமுமாக ஒருவன் நின்றான். சென்னப்பட்டணத்திலிருந்து கையோடு கூட்டிவந்த துபாஷி. எங்கள் இரண்டு பேர் வேலையும் அவன் ஒருவனுக்கே! பொன்னுரங்கம் என் கையைப் பிடித்தான். எத்தனை பாடம், எத்தனை இறால்.

ஆனாலும் எங்களை முன்னால் அழைத்து அறிமுகம் செய்தார்கள். வணக்கம் சொல்லி இரண்டு வார்த்தை இங்கிலீஷில் பேசினேன். துரை புருவத்தை உயர்த்தினார். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். பாதிரி பேரையோ கப்பல்காரன் பேரையோ சொல்லியிருந்தால் கௌரவம். சரிகைக்காரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரோசி டாட் மீ, சார்," என்றேன். பொன்னுரங்கமும் அதையே சொன்னான். ஆயா என்று யாரோ கிசுகிசுத்தார்கள், சரிகைக்காரன் சிரித்தான். துரை சிரிக்கவில்லை. 'ஷீ டாட் யூ வெல்' என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார். அவ்வளவுதான்.

கூட்டத்தின் ஓரத்தில் மேரியைப் பிடித்துக்கொண்டு ரோசி நின்றிருந்தாள். வெள்ளைக்காரன் வாயில் அவள் பேச்சு வந்தபோது, அவள் செய்தாள் என்று அவன் சொன்னது திருட்டை அல்ல, நன்றாகச் சொல்லிக் கொடுத்ததை.

ஆனி 3

வேலை போயிற்று. சென்னப்பட்டணத்து இங்கிலீஷ் வியாபாரிகளுக்கு நெசவுக்காரரிடம் துணி பிடித்துக் கொடுக்கலாம் என்கிறான் பொன்னுரங்கம், கூட்டாக. கூட்டாம்! யோசிக்க வேண்டும். இதில் அவனுக்கு என்ன லாபம்?

ஆனி 6

வியாபாரப் பேச்சுக்கு இன்னும் கொஞ்சம் இங்கிலீஷ் வேண்டும். ரோசி வீட்டுக்குப் போனேன். வாசற்படியில் மேரி இல்லை. எங்கே என்றேன். ஏரிக்கரைக்கு விற்கப் போயிருக்கிறாள் என்றாள்.

உட்கார்ந்தேன். வெயிலில் வந்ததற்குத் தண்ணீர் கேட்டுவிட்டேன், கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் பானையைச் சாய்த்துப் பார்த்தாள். குடத்தை இடுப்பில் வைத்தாள்.

"மொண்டாரேன், குந்துங்க."

போய்விட்டாள். அறையில் நானும் அந்த மரப்பெட்டியும். அதற்குப் பூட்டுக்கூட இல்லை, இத்தனை நாள் நான் கவனிக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தேன்.

திரும்பி வந்தவள் பெட்டியையும் பார்க்கவில்லை, என் கையையும் பார்க்கவில்லை. தண்ணீரைக் கொடுத்துவிட்டு, "கடைசியா எங்க வுட்டோம்?" என்றாள்.