சாகர விலாசத்தின் பதினேழாம் பக்கம்

திருத்தணி
20-12-1947

அருமை மகள் சுலோச்சனாவுக்கு அம்மா கௌரியம்மாள் ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது.

இவ்விடம் செத்துப்போன நானும் செத்துப்போன உன் நைனாவும் சுகம். அவ்விடம் உன் சுகத்துக்கு எழுதவும்.

என்ன பேச்சு இது என்று முகத்தைச் சுளிக்காதே. நீ தபாலில் அனுப்பிய புத்தகம் சொல்வதைத்தான் சொல்கிறேன். 'சாகர விலாசம்: ஒரு கலைக்கோயிலின் சரித்திரம்' என்று தங்க எழுத்துப் போட்டு, ஜமீன்தாரும் அவர் வீட்டு அம்மாளும் கடலைப் பார்த்து நிற்கிற படத்தோடு வந்ததே, அதில் பதினேழாம் பக்கம். தாய் தகப்பன் இல்லாத அநாதைக் குழந்தையொன்று திருத்தணி மலைப்படியில் பாடிப் பிச்சை எடுத்ததாம். அம்மாள் கண்டெடுத்து வளர்த்தாளாம். கீழே தம்பூராவோடு உன் படம்.

மலைப்படியாம்! அந்த வீட்டு மணலில் தவழ்ந்தவளடி நீ. அடையாற்றுக்குத் தெற்கே அப்போது வெறும் கடற்கரை. குளிர்காலத்தில் வந்து தங்கிக் கச்சேரி கேட்க மாளிகை வேண்டுமென்று ஜமீன்தார் ஆரம்பித்தபோது, சுவர் பூச உன் நைனாவைத்தான் இங்கிருந்து அழைத்துப் போனார்கள். மூன்று வருஷம் ஓலைக் கொட்டகையில் கிடந்தோம். கடல் மணலிலேயே பூசச் சொன்னான் மேஸ்திரி. உன் நைனா பூச்சுக் கரணையை வீசிவிட்டு, "உப்பு மண்ணுல பூசினா ஒரு மழைக்கே சொவுரு பூத்துடும், நான் கை வெக்கமாட்டேன்" என்று உட்கார்ந்துகொண்டார். அப்புறம்தான் ஆற்று மணல் வந்தது. கச்சேரிக் கூடத்து உச்சியைப் பூசும்போது சுண்ணாம்பு கண்ணில் விழுந்தது. ஒரு கண் அங்கேயே போயிற்று. மற்றது ஐந்து வருஷத்துக்கு முன்னால் போயிற்று. அந்தச் சுவரில் முகம் பார்க்கலாம் என்று புத்தகம் மெச்சுகிறது. எல்லாம் அம்மாளின் கலைக்கண்ணாம். கண் போனது யாருக்கு?

நான் சுண்ணாம்பு அரைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாடுவாய். அம்மாள் ஒருநாள் கேட்டுவிட்டு வந்து, குளிர்காலத்து மூன்று மாதம் மட்டும் பிள்ளை இங்கே இருக்கட்டும், பாட்டுச் சொல்லி வைக்கிறேன், தை பிறந்ததும் அனுப்புகிறேன் என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பாவி, தலையை ஆட்டினேன். முதல் இரண்டு தைக்கு வந்தாய். அதன் பிறகு அம்மாளுக்கு உன்னை அனுப்ப மனம் வரவில்லையாம்.

யுத்தத்தில் பட்டாளத்தார் அந்த வீட்டை எடுத்துக்கொண்டார்கள். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் ஓடிவந்தது. நீயும் வருவாய் என்று எட்டு நாள் ஸ்டேஷனில் நின்று ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தேன். ஜமீன்தார் வீட்டாரோடு நீலகிரிக்குப் போய்விட்டாய் என்று அடுத்த மாதம் கார்டு வந்தது.

நானும் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன், கேள். உன் கடிதத்தைப் படிக்க அடுத்தவர் தயவு வேண்டாமென்று பரந்தாமன் வாத்தியாரிடம் வீம்பாக எழுத்துக் கற்றவள் நான். இந்தப் புத்தகத்தையும் நைனாவுக்கு நானேதான் வாசித்தேன். பதினேழாம் பக்கத்தில் அச்சில் இருந்ததை விட்டுவிட்டேன். 'இம்மாளிகையின் சுவர்களைப் பூசியவர் திருத்தணி எல்லப்பன், அவருடைய மகளே சுலோச்சனா' என்று வாசித்துவிட்டேன். மனிதர் குழந்தைபோல அழுதார். தினமும் அந்தப் பக்கத்தையே வாசிக்கச் சொல்கிறார். கோலை ஊன்றிக்கொண்டு கடைத்தெரு முழுக்கப் போய், "எம் பேரு அச்சுல வந்துகீதுப்பா, எம் பொண்ணு போட வெச்சுகீறா" என்று சொல்லிவிட்டு வருகிறார்.

வினை இப்போதுதான் வந்திருக்கிறது. முப்பத்தொன்றாம் தேதி புதன்கிழமை படித் திருவிழா. பஜனைக் கோஷ்டி படிக்கொரு பாட்டாகப் பாடி மலையேறுவதற்கு முன், அடிவாரத்தில் எல்லோர் எதிரிலும் வாத்தியார் இதை வாசிக்க வேண்டுமென்று உன் நைனா ஏற்பாடு செய்துவிட்டார். "குருடன் சொன்னா சிரிக்கிறானுங்க, வாத்தியார் வாசிச்சா ஆங்னு கேட்டுக்குவானுங்க" என்கிறார். வாத்தியார் அச்சில் உள்ளதைத்தான் வாசிப்பார். ஊர் நடுவே நின்று, தான் இல்லை என்பதை உன் நைனா கேட்க வேண்டும்.

அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாயா? அநாதை என்று அவர்களாக எழுதினார்களா, நீ சொன்னாயா? கொத்தன் மகள் என்றால் சபையில் மதிப்புக் குறையும், அநாதை என்றால் அம்மாளின் தர்மம் பெருகும். அது எனக்குப் புரிகிறது. நீ வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் புரியவில்லை.

முந்தின நாள் செவ்வாய்க்கிழமை வண்டிக்கு வந்துவிடு. வாத்தியார் வேண்டாம், நீ வாசி. அச்சில் இருப்பதை வாசிப்பாயோ, நான் வாசித்ததை வாசிப்பாயோ, உன் இஷ்டம். உன் குரலில் எது வந்தாலும் அவர் நம்புவார். வர முடியாதென்றால் ஒரு கார்டு போடு. அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் வைத்துவிட்டு, எலி கடித்துவிட்டதென்று சொல்லிக்கொள்கிறேன்.

முருகன் உன் சாரீரத்தைக் குறையில்லாமல் வைக்கட்டும். உனக்கும் ஒரு பெண் பிறக்கட்டும். இவள்தான் என்னைப் பெற்றவள் என்று நாலு பேர் எதிரில் அவள் உன்னைக் கைகாட்டட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
கௌரியம்மாள்