அக்கா இல்லாத முற்றத்துக்குப் போய்வந்த கதை

அன்பு மகள் நியேவெஸுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் கனடாக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாதாவைத் தினமும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே புவெர்த்தொயானோவில் அதற்குள் வெயில் ஏறிவிட்டது, உன் அப்பா முதுகுவலியைச் சாக்குச் சொல்லி பால்கனிக்கு வெள்ளையடிக்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார். நாங்கள் கோர்தோபாவில் பெரியப்பா வீட்டில் இருந்தபோது நீ போன் பண்ணித் திருவிழா எப்படி என்று கேட்டாய், நல்லா இருக்கு என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். எவுலோஹியோ பெரியப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், வேறு என்ன சொல்வது? அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

விசி பெரியம்மா பிப்ரவரியில் கண்ணை மூடிய பிறகு வீட்டுக்கு வீடு பூமுற்றத்தை ஊராருக்குத் திறந்து காட்டும் முற்றங்களின் விழாவுக்கு இந்த வருஷம் அந்த வீட்டுக் கதவு திறக்காது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் பெரியப்பாவே கூப்பிட்டு, “பேரைக் கொடுத்துட்டேன் ஃபுவென்சாந்தா, சனி ஞாயிறு நீங்க ரெண்டு பேரும் வந்து கூட இருங்க” என்றார். போனால், வாசலில் ஆரம்பித்த வரிசை தெருமுனை வரைக்கும் நிற்கிறது. உள்ளே போய்ப் பார்த்தேன். சுவரில் ஒரு நீலத் தொட்டிகூடக் குறையவில்லை, ஜெரேனியம் எல்லாம் அக்கா இருந்தபோது பூத்த மாதிரியே பூத்துக் கிடக்கிறது. பூவுக்கு என்ன தெரியும், சொல்லு. மனிதர்தான் பாதியாகிவிட்டார், சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றித் தொளதொளவென்று தொங்குகிறது. நான் செய்துகொண்டு போன சல்மொரேஹோ தக்காளிச் சூப்பை இரண்டு கரண்டி குடித்துவிட்டுத் தள்ளி வைத்துவிட்டார்.

அப்பா வாசலில் நின்று ஆட்களை உள்ளே விட்டார். “மெதுவா, மெதுவா, பூ எங்கேயும் ஓடிடாது” என்று சத்தம் போட்டு நாலு பேரைச் சிரிக்க வைத்தார். வருஷா வருஷம் வருகிறவர்கள் வேறு உண்டல்லவா, அதில் ஒருவர், “வீட்டுக்காரம்மா எங்கே?” என்று கேட்டார். பெரியப்பா கண்ணை இமைக்காமல், “ரொட்டி வாங்கப் போயிருக்கா, வந்துடுவா” என்றார். நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முன்பின் தெரியாதவர்களின் அனுதாபம் வேண்டாம் என்று நினைத்திருப்பார் போல. ஆனால் அடுத்தவரிடமும் அதையே சொன்னார், சாயங்காலத்துக்குள் அது வளர்ந்துவிட்டது. “கடையில யாரையாவது பிடிச்சுக்கிட்டுக் கதை பேசிக்கிட்டிருப்பா, அவளைப் பத்தித் தெரியாதா உங்களுக்கு” என்று சிரிக்கக்கூடச் செய்தார். கேட்டுக் கேட்டு எனக்கே தெருக்கதவு கிறீச்சிடும்போதெல்லாம் திரும்பிப் பார்க்கத் தோன்றியது, நியேவெஸ். அடக்கத்தன்று அவர் அழவே இல்லை, உனக்குச் சொல்லியிருக்கிறேன். அவள் போய்விட்டாள் என்று அவர் வாயால் சொல்லி அதுவரை யாரும் கேட்டதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாயெனிலிருந்து லெயோகாதியா என்று ஒரு அம்மா வந்தார், பெரியம்மாவுக்கு விழாவில் பழக்கமான சிநேகிதி. கையில் பெரியம்மா நட்டுவைக்க என்று ஈரத் துணி சுற்றிக் கொண்டுவந்த ஒரு செடித்தண்டு. பெரியப்பா அவரிடமும் ரொட்டிக் கதையைச் சொன்னார். அந்த அம்மா, “அப்படியா தம்பி, அப்ப வரட்டும், பார்த்துட்டே போறேன்” என்று கிணற்றடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் வருகிறது, போகிறது, அவர் எழுந்திருக்கவில்லை. பெரியப்பா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், காய்ந்த இலையைக் கிள்ளினார், உள்ளே போனார், வெளியே வந்தார். மதியம் கதவைச் சாத்தும் நேரம் வந்தது, அப்பா கடைசி ஆளையும் அனுப்பிவிட்டுத் தாழ் போட்டார். பெரியப்பா அந்த அம்மா முன்னால் போய் நின்றார். “அக்கா, நீங்க கிளம்புங்க. விசி வரமாட்டா. செத்துப்போயிட்டா” என்றார். அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “தெரியும் தம்பி, வரிசையில நிக்கும்போதே சொன்னாங்க. வந்துடுவான்னு நீங்க சொல்லும்போது, இல்லைன்னு சொல்ல எனக்கு மனசு வரல” என்றார். அவ்வளவுதான், மனிதர் அப்படியே கல்தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுத அழுகை, மகளே, அதை எழுத என்னால் முடியாது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து என் அக்காவுக்காக அழுதேன். உன் அப்பா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

சாயங்காலம் கதவைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு அவரே போய்த் திறந்தார். முதலில் வந்த பெண், “இவ்வளவு பூவையும் யாரு பார்த்துக்கிறாங்க?” என்று கேட்டாள். “என் பொண்டாட்டி வச்சது. அவ இப்ப இல்ல. நீங்க உள்ள வாங்க” என்றார்.

அடக்கத்துக்கு வர முடியவில்லையே என்று நீ இன்னும் மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதே, அந்தப் பனியில் விமானம் எழும்பாததற்கு நீ என்ன செய்வாய். ராத்திரி பட்டினியாகப் படுக்காதே. மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், போகிற வழியெல்லாம் உனக்கு நல்லவர்களே துணையாகக் கிடைக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, பெரியப்பாவை ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூப்பிடு. எப்படி இருக்கீங்க என்று கேட்காதே, பெரியம்மாவைப் பற்றிக் கேள். அழுதால் அழட்டும், நீ போனை வைத்துவிடாதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா ஃபுவென்சாந்தா
(அப்பாவும் முத்தம் அனுப்புகிறார்)