அம்முலுவுக்கு ஒரு சொம்புத் தண்ணீர்

என் அம்முலுக் கண்ணு,

நாளைக்கு உனக்கு வருஷப் படையல். என்ன சமைப்பது என்று தெரியாமல் காலையிலிருந்து அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் உன் அக்கா, எழுத்துக் கோணலாகத்தான் வரும். உன் மகள் சிந்துவின் நோட்டில் தாள் கிழித்து எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டுத் தனம் வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா கன்னிம்மா, அடுப்பு சும்மா கீது? கருவாடு வாங்கியாந்துட்டியா? உன் தங்கச்சிக்கு அது இருந்தா வேற ஒண்ணும் வாணாமே."

"அவளுக்குக் கருவாடு வைக்கமாட்டேன். உப்புப் போட்ட கஞ்சிதான்."

"எதுக்குடி? செத்தவளுக்குப் பத்தியமா?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

போன ஆடியில் களையெடுக்கப் போன இடத்தில் பம்புசெட்டுத் தொட்டித் தண்ணீரைக் குடித்தாய். மறுநாளே வயிற்றாலே போக ஆரம்பித்தது. மேலே ஊற்ற ஊற்றத்தானே கீழே போகிறது, வயிற்றைக் காயப்போட்டால் நின்றுவிடும் என்று நான் சொன்னேன். நம் வீட்டில் எல்லாரும் அப்படிச் செய்வதைத்தான் பார்த்திருந்தேன். தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்தேன்.

"அக்கா, ஒரு முழுங்குக்கா, தொண்டை ஒட்டிக்கினு கீது" என்றாய். நான் சொம்பைக் கொண்டுவந்தேன். "கொப்பளிச்சுத் துப்பு, முழுங்கக் கூடாது" என்றேன். நீ துப்புகிறாயா என்று பக்கத்திலேயே நின்று பார்த்தேன். நீ என் பேச்சை மீறாதவள். துப்பினாய்.

மூன்றாம் நாள் போவது நின்றது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அன்றைக்கு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். நாக்கு செத்துப்போச்சு, காரமாய் ஏதாவது கொடு என்றாய். உடம்பு தேறட்டும் என்று கூழும் கருவாட்டுக் குழம்பும் கொடுத்தேன். பொழுது சாய்வதற்குள் எல்லாம் வாந்தியாக வந்துவிட்டது. உன் கண் உள்ளே போயிருந்தது. கை சில்லென்று இருந்தது. ஆட்டோவில் உத்திரமேரூருக்கு என் மடியில்தான் படுத்து வந்தாய். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது நீ இல்லை.

"தண்ணி குடுத்தீங்களாம்மா?" என்று அங்கே ஒரு நர்சம்மா கேட்டார். இல்லை என்றேன். அவர் என்னைத் திட்டவே இல்லை. போவது நின்றது குணமாகி அல்ல, உடம்பில் ஒன்றும் மிச்சமில்லாததால்தான் என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். திட்டியிருக்கலாம்.

இப்போது நடந்ததைக் கேள். போன வாரம் சிந்துவுக்கும் வயிற்றாலே போனது. மருந்துக் கடைக்கு ஓடிப்போய்க் கேட்டு உப்புச் சர்க்கரைப் பொட்டலம் வாங்கிவந்து, கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்தேன். ஒவ்வொரு தரமும் அவள் போய்விட்டு வந்ததும் சொம்பை நீட்டினேன். வாந்தி எடுத்தால் கொஞ்ச நேரம் விட்டு, கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். நொய்யரிசியைக் குழைய வேகவைத்து உப்புப் போட்டுக் கஞ்சி. அடுத்த நாள் இட்லியைத் தண்ணீரில் மசித்து, காரம் இல்லாமல். பிறகு வாழைப்பழம், நீர்மோர். ஊறுகாய் கேட்டு அழுதாள். எண்ணெயும் மிளகாயும் அவள் கண்ணில் காட்டவில்லை. மூத்திரம் போகிறாளா என்று வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்தாள். கஞ்சியை ஊட்டினேன்.

"போதும் பெரிம்மா, வயிறு டம்முன்னு கீது."

"இன்னும் ஒரே ஒரு வாய்."

"நேத்துலேந்து இந்த ஒரு வாய் முடியவே இல்ல" என்று சிரித்தாள். உன் பல் வரிசை. பிறகு கேட்டாள்: "எங்கம்மாவுக்கும் இது மாதிரி ஊட்டினியா?"

"ஊட்டினேன்" என்றேன்.

"தண்ணி?"

"அதுவும்."

அந்தப் பொய்க்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை அம்முலு. இவ்வளவுதானா, ஒரு சொம்புத் தண்ணீரும் ஒரு பிடி நொய்யும்தானா உன் உயிருக்கு வேண்டியிருந்தது? இரண்டும் நம் வீட்டிலேயே இருந்ததே.

நாளைக்கு உன் இலையில் கஞ்சி வைப்பேன். பக்கத்தில் சொம்பு நிறையத் தண்ணீர் வைப்பேன். அம்மாவுக்கு ஏன் கருவாடு இல்லை என்று சிந்து கேட்பாள். உன் விளக்குக்கு முன்னால் நான் பொய் சொல்லமாட்டேன், இது சத்தியம். குடத்தை எடுத்து உள்ளே வைத்ததைச் சொல்வேன். துப்பச் சொன்னதையும் சொல்வேன். நம் தெருவில் இனி யாருக்கு வயிற்றாலே போனாலும் சொம்போடு முதலில் போய் நிற்பவள் நானாகத்தான் இருப்பேன்.

எல்லாம் கேட்ட பிறகு, உன் மகள் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பாளா, அம்முலு?

உன் கூடப் பிறந்தவள்,
கன்னிம்மா அக்கா