உப்பில்லாக் களி

பாய், இன்று காலை நாயின் சாப்பாட்டை நான் தின்றுவிட்டேன். அடுப்பு மேடையில் ஆறிக்கொண்டிருந்த ராகிக் களியில் ஈரல் மணந்தது; எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். "ஈரல் நல்லா வெந்திருக்கு, உப்புதான் பத்தல" என்று தீர்ப்பும் சொன்னேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அது மணியோடதுப்பா." மணி காலித் தட்டை ஒருமுறை முகர்ந்துவிட்டுக் காட்டுப் பக்கம் நடந்தது.

பத்தாவதில் தோற்றவன் நான், வேறென்ன செய்வேன்? பென்னாகரத்தில் உங்கள் கோழிக்கடை முன்னால், விலை கூடிய நாய்த்தீனிப் பாக்கெட்டோடு நின்றவனும் நான்தானே. "நீங்க படத்தப் பாத்து வாங்கறீங்க, அது மோந்து பாக்குதுங்க" என்று சிரித்தீர்கள். ரேஷன் ராகி, பூசணிக்காய், நீங்கள் சும்மா கொடுத்த ஈரலும் இரைப்பையும் போதும் என்றீர்கள். உப்பு வேண்டாம், வெங்காயம் கூடவே கூடாது, வெந்த எலும்பு குடலைக் கிழித்துவிடும்.

நீங்கள் சிரிக்காத நாளும் ஒன்று உண்டு. ஒருவர் வந்து கோழிக்குடல் மொத்தமும் கேட்டார், தூண்டிலுக்கென்று. பின்னால் வாளி நிறைய இருக்க, இல்லையென்று அனுப்பினீர்கள். அவர் போனதும் கத்தியைக் கீழே வைத்தீர்கள்.

"மீனுக்கில்லீங்க. குடலுக்குள்ள நாட்டு வெடிய வெச்சு, காட்டுப்பன்னி வர்ற தடத்துல போடுவான். பன்னிக்கு முன்னால நாயி கடிச்சிரும். உங்க நாயி வயித்தக் காயப் போடாதீங்க. பசிச்சாதான் கண்டதுல வாய் வெக்கும்."

நீங்கள் மாரடைப்பில் போய் ஓராண்டு ஆகப்போகிறது. கடையை இப்போது வேறொருவர் நடத்துகிறார். நேற்று ஈரல் வாங்கப் போனேன். குடல் வாளி கழுவிக் கவிழ்த்திருந்தது. யாரோ மொத்தமாக வாங்கிப் போனாராம். "தெனமும் எடுத்துக்கறேன்னு சொல்லிருக்காருங்க" என்றார் சந்தோஷமாக.

மகள் மறுபடி களி கிண்டினாள். நான் வேலிவரை போய் விசில் அடித்தேன்; எனக்கு விசில் வராது, வெறும் காற்றுதான் வரும். அப்போதுதான் காட்டுப் பக்கம் அந்த ஒற்றைச் சத்தம். பறவைகள் எழும்பி அடங்கின. ஓடைவரை ஓடிப் பார்த்தேன், கூப்பிட்டேன். எதுவும் கண்ணில் படவில்லை.

திரும்பி வந்தபோது மகள் கரண்டியோடு வாசலில் நின்றாள். "எங்கியோ கல்யாண வெடி போலப்பா."

"ஆமா கண்ணு" என்றேன்.

மதியமாகிவிட்டது. களியை இரண்டாம் முறையாகச் சுடவைக்கிறாள்.

இது ஆடி மாதம், பாய். ஆடியில் எங்களில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. அதை மட்டும் அவளிடம் நான் சொல்லவில்லை.