பத்து மணி நேரத் தூரம்

அன்பு மகள் சுவாதிக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குட்டியும் குறையில்லாமல் இருக்க மலைமேல் இருக்கும் சந்திரசூடேஸ்வரரைக் கேட்டுக்கொள்கிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதையோ பேசுகிறேன், பாதியில் அப்பா வேறு போனைப் பிடுங்கிக்கொள்கிறார். எதிர்வீட்டு ஆனந்த் ஆம்ஸ்டர்டாம் வருகிறான் என்றதும் அவன் கையில் கொடுத்தனுப்ப உட்கார்ந்து எழுதிவிட்டேன். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்று நானும் உன் மாமியாரும் பெரிய மனுஷிகளாகப் பேசி முடித்தோம். ஏழாம் மாதம் மார்கழியில் வந்தது, மார்கழியில் வளைகாப்பு கூடாது என்று ஒன்பதாம் மாதம் மாசிக்குத் தள்ளினோம். நிறைமாதத்தில் விமானத்தில் ஏற்றமாட்டார்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை, பஞ்சாங்கத்திலும் போடவில்லை. இப்போது உன் டாக்டர் முடியாது என்றுவிட்டார். நீயும் அன்றைக்கு, பரவாயில்லம்மா நாங்களே பாத்துக்கறோம், பத்து மணி நேரம் உன்னால ஒக்காந்து வர முடியாது என்று சொல்லிவிட்டுச் சட்டென்று போனை வைத்தாய். எதற்கு வைத்தாய் என்று பெற்றவளுக்குத் தெரியாதா.

எனக்குப் பயம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். அஞ்செட்டி மலைப்பாதையில் பஸ் நாலு வளைவு திரும்பினாலே எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு போகிறவள் நான். உன் அப்பா சும்மா இருப்பாரா, போன ஞாயிற்றுக்கிழமை என்னைப் பஸ்ஸில் பெங்களூர் ஏர்போர்ட் வரைக்கும் கூட்டிப்போய் வாசலைக் காட்டிவிட்டுத் திரும்பக் கூட்டிவந்தார். அத்திப்பள்ளியிலும் சில்க் போர்டு சிக்னலிலும் நின்று நின்று போய்ச்சேர மூன்று மணி நேரம் ஆனது. இதுல மூணு பங்குதான் ஆம்ஸ்டர்டாம், நடுவுல சிக்னலும் இல்ல, அப்புறம் இன்னா பயம் என்கிறார். அவரும் இதுவரை விமானம் ஏறினதில்லை. எங்கள் கிரீன் ஹவுஸில் இப்போது காதலர் தின ஆர்டர், ரோஜாவைக் கட்டி வெளிநாட்டுப் பெட்டியில் அடைக்கக் கை போதவில்லை. இந்த நேரத்துல லீவு கேக்கறியே முனிலட்சுமி, மொதல்ல பூ போவட்டும் என்றார் சூப்பர்வைசர் வெங்கடசாமி. பூ போவட்டும் சார், பின்னாடியே நானும் போறன், எம் பொண்ணு தனியா இருக்கறா என்று சொல்லிவிட்டேன். அவர் பெண்ணும் கனடாவில் இருக்கிறாள், லீவு சீட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

ஆமாம் கண்ணு, வருகிறேன். மாப்பிள்ளையும் அப்பாவும் உனக்குச் சொல்லாமலே விசா வாங்கி டிக்கெட்டும் போட்டுவிட்டார்கள், மாசி முதல் வாரம் அங்கே இருப்பேன். மாப்பிள்ளையைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் சொல்லக்கூடாது என்றேன், கடைசியில் கால் பின்வாங்கிவிடுமோ என்று எனக்கே சந்தேகம். கண்ணாடி வளையலும் கேழ்வரகு மாவும் கட்டியாகிவிட்டது, வளையலை அங்கேயே என் கையால் போட்டுவிடுகிறேன். அதுவரைக்கும் சைக்கிளைத் தொடாதே, பனியில் தனியாக நடக்காதே, பசிக்கவில்லை என்று சாப்பிடாமல் படுக்காதே. நல்லபடியாகப் பெற்றெடுத்து நீயும் பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஏர்போர்ட்டில் வந்து நிற்கவேண்டாம், மாப்பிள்ளை வந்தால் போதும். இப்படி எழுதுகிறேனே தவிர, வெளியே வந்ததும் என் கண் உன்னைத்தான் தேடும்.

உன்னிடம் கிளம்பி வரும் அம்மா,
முனிலட்சுமி
ஓசூர்